மூணு மாசத்துக் கடை

ஏலே பேரப்புள்ள, மூஞ்சிய ஏன்டே தூக்கி வச்சிருக்க? "எக்ஸ்க்ளூசிவா போகவா, வைடா போகவான்னு ஒரே கொழப்பம் தாத்தா"ங்க. நான் என்னமோ பொண்ணு பாத்த எடத்துல தகராறுன்னுல்லா நெனச்சேன்! பெறவுதான் வெளங்குச்சு. எழுதுன நாவல மின்னூலாக்கி அமேசான் ஒருத்தன் கடையில மட்டும் வைக்கவா, இல்ல கூகுள், கோபோ, ஆப்பிள்னு கண்ட கடையிலயும் தொங்க விடவா? இதுக்கு மாசக்கணக்குல ரோசனை. யூடியூப்ல நாலு வெள்ளக்காரன் பேச்சு வேற. செரி, நாவல் முடிஞ்சுதான்னு கேட்டா, "கடைசி ரெண்டு அத்தியாயம் பாக்கி"ங்க. நல்லா இருப்படே!

பரவாயில்ல, உக்காரு. கேட்டுட்டல்லா, சொல்லுதேன்.

அந்த எக்ஸ்க்ளூசிவ் என்னன்னு மொதல்ல ஒழுங்காப் படிச்சியா? எனக்குக் கண்ணாடி போட்டாலும் செல்போன் எழுத்து தெரியாது. பேத்திதான் வாசிச்சுக் காட்டுனா. கே.டி.பி. செலக்ட்னு பேராம். 2011 டிசம்பர்ல அமேசான்காரன் கொண்டாந்தது. அதுல சேந்தா 90 நாளைக்கு ஒம் மின்னூல் அவன் கடையில மட்டுந்தான் இருக்கணும். ஒன் சொந்த வலைத்தளத்துலகூட வைக்கக் கூடாது. சும்மாவும் குடுக்கக் கூடாது. மாதிரி பாக்கணும்னா பத்துல ஒரு பங்க மட்டும் வெளிய காட்டிக்கிடலாம். அச்சுப் புத்தகத்த எங்க வேணா வித்துக்கோ, அதுல அவன் தலையிட மாட்டான். இம்புட்டுதான் சங்கதி. நீ என்னமோ சொத்தையே எழுதிக் குடுக்கப் போற மாதிரில்லா நடுங்குத!

பதிலுக்கு அவன் என்ன தாரான்? கிண்டில் அன்லிமிடெட்டுன்னு மாசச் சந்தா கட்டுத ஆளுங்க இருக்காங்கல்லா, அவுங்க ஒம் புத்தகத்த எடுத்துப் படிச்சா, படிச்ச பக்கத்துக்குக் காசு. எடுத்து வச்சுக்கிட்டுப் படிக்கலைன்னா ஒண்ணும் கெடையாது. ஒருத்தரு ஒரு பக்கத்த மொதத் தடவ படிச்சாத்தான் கணக்கு. ஒங்க அத்தை ரசிச்சு ரசிச்சு நாலு தடவ படிச்சாலும் ஒரு தடவக் கூலிதான். பக்கத்துக்கு எவ்வளவுன்னு முன்கூட்டியும் சொல்ல மாட்டான். மாசம் முடிஞ்ச பெறவு மொத்தமா ஒரு தொகைய அறிவிப்பான், அதுல ஒனக்கு விழுத பங்குதான் ஒன் கூலி. கூலி தெரியாம வேலைக்கு எறங்குதவன் எந்த ஊர்லயாச்சும் உண்டா? உண்டு. எழுத்தாளன்.

ஆனா இதுல நம்ம நாட்டுக்குன்னு ஒரு சூட்சுமம் இருக்கு, கேட்டுக்கோ. அமெரிக்காவுல விக்குத புத்தகத்துக்கு, வெலைய அவன் சொல்லுத வரம்புக்குள்ள வச்சா, செலக்ட்ல சேராமலே 70 சதவீதம் குடுக்கான். இந்தியா, ஜப்பான், பிரேசில், மெக்சிகோ இந்த நாலு நாட்டு ஆளுங்க வாங்குத புத்தகத்துக்கு மட்டும், செலக்ட்ல சேந்தாத்தான் 70. சேரலையா, 35. நேர் பாதி. நீ ராத்திரி முழிச்சுப் பாத்தியே அந்த வெள்ளக்காரன், இதச் சொன்னானா? அவன் எதுக்குச் சொல்லப் போறான், அவன் ஊர்ல அந்தத் தொல்லையே இல்லையே. "வைடா போ, சுதந்திரமா இரு"ன்னு அவன் அங்க இருந்து பாட்டுக்குச் சொல்லுதான். சுதந்திரத்துக்கு வெல குடுக்குதது தென்காசிக்காரன்லா. அப்புறம் அந்த 70-லயும், கோப்பு எம்புட்டுக் கனமோ அதுக்குத் தக்கன அனுப்புத செலவப் பிடிச்சுக்கிடுவான். அதனால ஒம் போட்டோவ முழுப் பக்கத்துக்கு நாலு எடத்துல வைக்காத. ஒண்ணு போதும். அதுவும் சின்னதா.

"அப்ப அமேசான்லயே கெடந்துரவா தாத்தா"ன்னு கேப்ப. அவசரப்படாத.

நம்ம குத்தாலத்துல ஆனியில சாரல் விழ ஆரம்பிச்சதும், பேரருவிக்குப் போற பாதையில எத்தன கடை மொளைக்குதுன்னு பாத்திருக்கல்லா? நேந்திரங்கா சிப்ஸு, துண்டு, ரம்புட்டான், மங்குஸ்தான், தேச்சுக் குளிக்க எண்ணெய். அந்தச் சிப்ஸ் வியாபாரி சீசன் முடியுத மட்டும் அங்கனயேதான் சட்டிய வச்சுக் கெடப்பான். ஏன்? கூட்டம் அங்கதான வருது. ஆவணி தாண்டிச் சாரல் கொறஞ்சுதா, மூட்டையக் கட்டிருவான். ஐப்பசியில தென்காசி கோயில் திருக்கல்யாணம், கார்த்திகையில ஐயப்பசாமிமாரு வருத நேரம் திரும்ப அருவிக்கரை, மத்த நாள்ல பாவூர்சத்திரம் சந்தைப் பக்கம். "நான் எக்ஸ்க்ளூசிவ் வியாபாரி"ன்னு அவன் பலகை எழுதி மாட்டுனானா? "எனது விநியோக உத்தி"ன்னு மூஞ்சிப்புத்தகத்துல முழ நீளத்துக்கு எழுதுனானா? கூட்டம் இருக்குத எடத்துல கூட்டம் இருக்குத வரைக்கும் நின்னான். சீசனும் மூணு மாசம், அமேசான்காரன் ஒப்பந்தமும் 90 நாளு. கணக்கு ஒத்துப் போகுதா?

ஆனா ஒண்ணு. மலையில மழை கொட்டி அருவியில வெள்ளம் வந்துட்டா, குளிக்கத் தடை போட்டுருவாங்க. அன்னைக்குச் சிப்ஸும் ஓடாது, எண்ணெயும் ஓடாது. வருசம் முச்சூடும் அந்த ஒரு கடைய மட்டுமே நம்புனவன் கைய நக்கிக்கிட்டுத்தான் நிக்கணும். அமேசான்காரனும் நெனச்சா விதிய மாத்துவான். 2022-ல ஆண்ட்ராய்டு போன்ல இருக்குத கிண்டில் செயலிக்குள்ள புத்தகம் வாங்குத வழியையே எடுத்துட்டான். கூகுள்காரன் அவன் கல்லா வழியாத்தான் காசு போகணும்னான், அதுல பங்கு குடுக்க இவனுக்கு மனசில்ல. ரெண்டு பெரிய மொதலாளி சண்ட. நம்ம ஆளு என்ன செய்வான்? செயலியத் தொறப்பான், வாங்குத பொத்தானத் தேடுவான், இல்லைன்னதும் மூடி வச்சுட்டு ரீல்ஸ் பாக்கப் போயிருவான். தமிழ் படிக்குத ஆளுங்க பாதிக்கு மேல கையில வச்சிருக்கது ஆண்ட்ராய்டு போனுதான்னு ஒனக்குத் தெரியாதா?

அதுக்காக நாளைக்கே பத்துக் கடையிலயும் சரக்கப் பரத்திராத. வைடுன்னா சும்மா இல்ல. ஒவ்வொரு கடைக்கும் ஒரு கணக்கு, ஒரு படிவம், ஒரு பாஸ்வேர்டு. எல்லா எடத்துக்கும் ஒரே ஆளு கொண்டு போய்ச் சேக்கட்டும்னா டிராஃப்ட்2டிஜிட்டல் மாதிரி ஏசண்டுமாரு உண்டு. இங்க தமிழுக்குன்னே புஸ்தகா மாதிரி மின்னூல் கடையும் உண்டு. ஆனா யாரு வழியாப் போனாலும் போன அன்னைக்கே வியாபாரம் ஆயிராது. அமேசான்ல வாங்குன நட்சத்திரத்தையும் விமர்சனத்தையும் கூடவே தூக்கிட்டுப் போக முடியாது. புதுத் தெருவுல மொதல்ல இருந்து கூவணும். ஒம் தொண்டைக்கு அந்தத் தெம்பு இருக்கா?

அதுக்கும் முன்னால ஒரு கேள்வி. இந்தக் கதைய ஏற்கெனவே எங்கயாச்சும் எறைச்சுட்டியா? பிரதிலிபியில தொடராப் போட்டேன், முகநூல்ல போட்டேன், வாட்ஸப் குழுவுல பி.டி.எஃப். அனுப்புனேன்ன, அப்ப ஒனக்கு எக்ஸ்க்ளூசிவே கெடையாதுடே! அதையெல்லாம் எடுத்தாத்தான் செலக்ட்ல சேரலாம். 2013-ல இருந்து ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ்னு ஒண்ணு நடக்குது, நல்ல பிள்ளைங்க. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல ஆருக்கும் சும்மா குடுக்காங்க. அதுல போடுததுன்னா மனசறிஞ்சு போடு. அந்த உரிமத்தக் குடுத்த பெறவு திரும்ப வாங்க வழியில்ல. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு பெரியவுக சொன்னது இதுக்குத்தான்.

டெலிகிராம்காரன் கதையும் இருக்கு. நீ ஒத்தக் கடையில வச்சாலும் சரி, ஒம்பது கடையில வச்சாலும் சரி, ஒம் புத்தகம் கொஞ்சம் ஓடுச்சுன்னா எவனாச்சும் ஒருத்தன் பி.டி.எஃப். ஆக்கி அங்க போட்டுருவான். அவனுக்கு எக்ஸ்க்ளூசிவும் ஒண்ணுதான், வைடும் ஒண்ணுதான். சமத்துவவாதி!

பென் டு பப்ளிஷ்னு அமேசான்காரன் ஒரு போட்டி வச்சான்லா, 2018-ல தமிழுக்கும் வந்துச்சு. செலக்ட்ல சேந்த புத்தகத்துக்குத்தான் போட்டியில எடம். விற்பனையையும் வாசகர் சொல்லுத கருத்தையும் சேத்துப் பாப்பாங்கன்னதும் நம்ம ஆளுங்க பட்ட பாடு இருக்கே! முகநூல் பூரா "அஞ்சு நட்சத்திரம் போடுங்க, கருத்து எழுதுங்க"ன்னு கெஞ்சல். நம்ம தெருவுல ஒரு வாத்தியாரு மவன், ஒரு வார்த்த பேச மாட்டான், அமைதியான பய. அவன் எங்கிட்ட வந்து, "தாத்தா, ஒங்க பேர்ல ஒரு அமேசான் கணக்கு தொறக்கவா"ன்னான். எதுக்குடேன்னேன். "நீங்க எம் நாவலப் பாராட்டணும்"னான். படிச்சுட்டா படிக்காமலான்னேன். "படிச்சா நாளாகும் தாத்தா"ன்னுட்டான். உண்மையச் சொன்னான் பாரு, அதுக்கே அஞ்சு நட்சத்திரம் போடலாம்.

பழைய கதை ஒண்ணு சொல்லுதேன். ஒன்ன மாதிரி, தானே எழுதித் தானே போட ஆசப்பட்ட ஒரு மனுசன் நம்ம பக்கத்துலயே இருந்தாரு. கடையம், இந்தா இருக்கு. 1918 கடைசியில கடலூர் செயில்ல இருந்து வெளிய வந்த பாரதி, செல்லம்மா பொறந்த ஊரான கடையத்துல வந்து தங்குனாரு. கையெழுத்துப் பிரதி கட்டுக்கட்டாக் கெடக்கு, அச்சடிக்கத் துட்டு இல்ல. 1920-ல அங்க இருந்தே ஊர் ஊருக்குக் காயிதம் போட்டாரு. எல்லா எழுத்தையும் 40 புத்தகமாப் போடுதேன், ஒவ்வொண்ணும் 10,000 பிரதி, கடன் குடுங்க, வட்டியோட திருப்பித் தாரேன்னு. நாலு லச்சம் பிரதி! அந்தக் காலத்துல! சிரிக்காத. அவரு கணக்குல தப்பு இல்ல, கொஞ்சம் முந்திட்டாரு, அவ்வளவுதான். துட்டு வரல. அடுத்த வருசம் செப்டம்பர்ல ஆளே போயிட்டாரு.

பெறவு நடந்ததுதான் நீ கேக்க வேண்டியது. அவரு பாட்டுகள ஒலிப்பதிவு செய்யுத உரிமை கை மாறிக் கை மாறி ஏ.வி.எம். செட்டியார் கைக்கு வந்துச்சு. காசு குடுத்து வாங்குனாரு, சட்டப்படி அவரு சொத்து. 1948-ல டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்துல ஒரு பாரதி பாட்ட வச்சாங்க. பிடிச்சாரு செட்டியார், வழக்குப் போட்டாரு. நாட்டுக்கே பாடுனவன் பாட்ட ஒருத்தரு பூட்டி வைக்கவான்னு ஊரே கெளம்பிருச்சு. 1949-ல சென்னை மாகாண அரசு உரிமைய எடுத்துக்கிட்டுது, செட்டியாரும் தம் பங்கத் துட்டு வாங்காமலே விட்டுக் குடுத்துட்டாரு. 1955-ல ஆரு வேணும்னாலும் போட்டுக்கிடலாம்னு அரசாங்கம் பொதுவுல விட்டுது. இதையெல்லாம் ஆ.இரா. வேங்கடாசலபதி 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்'னு ஒரு புத்தகமாவே எழுதியிருக்காரு, வாங்கிப் படி. இன்னைக்குப் பாரதி எந்தக் கடையில இல்ல? சொல்லு. ஆனா கடையத்துல இருந்தப்ப அவருக்கு வட்டிக்குக்கூடத் துட்டு கெடைக்கல.

இதுல என்ன வெளங்குது? உரிமைய ஒருத்தருக்கு முழுசா, என்னைக்குமா எழுதிக் குடுக்கது வேற, 90 நாளைக்குக் கடை போடுதது வேற. நீ பயப்பட வேண்டியது மொதல் சங்கதிக்கு. "அச்சு, மின்னூல், ஒலிநூல், சினிமா எல்லா உரிமையும் நிரந்தரமா"ன்னு ஒரு காயிதத்த எந்தப் பதிப்பாளரு நீட்டுனாலும், அவரு தங்கமான மனுசனாவே இருந்தாலும், வீட்டுக்குக் கொண்டு போய் ரெண்டு நாள் வச்சுப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு. அதுக்கு நடுங்குடே, அதுல ஒரு அர்த்தம் இருக்கு. பதிப்பாளர் காயிதத்த வாசிக்காமக் கையெழுத்துப் போடுதவன்தான், அமேசான் 90 நாளப் பத்தி நாலு மணி நேரம் தத்துவம் பேசுதான்.

எங்கிட்ட முடிவாக் கேட்டா இதுதான். ஒனக்கு மொதப் புத்தகம், ஆரும் ஒன்னத் தேடல, விக்கப் போறது பூரா இந்தியாவுல. அப்ப அமேசான்லயே ஒரு சீசன் கடையப் போடு. பாதிக் காச எதுக்கு விடணும்? சந்தாக்காரன் முன்னப் பின்னத் தெரியாத ஒன் புத்தகத்தத் தொட்டுப் பாப்பான். அவனுக்குக் கைக்காசு நட்டம் இல்லல்லா. அந்த 90 நாளுக்குள்ள அஞ்சு நாளு சும்மாவும் குடுத்துக்கிடலாம். அந்த அஞ்சு நாள்ல எறக்கிக்கிட்டவன்லாம் படிச்சுருவான்னு மட்டும் நம்பிராத, சும்மா கெடச்ச புத்தகத்துக்கு ஆயுசு கம்மி. நாலஞ்சு புத்தகம் சேந்து, சிங்கப்பூர், கனடான்னு ஆளுங்க பேரச் சொல்லித் தேட ஆரம்பிச்சாங்கன்னு வை, அப்ப ஒண்ணு ரெண்டை வெளிய எடுத்து மத்த கடையிலயும் வை. எல்லாத்தையும் ஒரே மாதிரித்தான் நடத்தணும்னு எந்தச் சட்டமும் இல்ல. செலக்ட்ல சேக்குதது ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனிதான்.

கடைசியா ஒண்ணு, இத மறந்துராத. செலக்ட்ல சேக்கும்போது, தானா புதுப்பிக்கதுக்கு ஒரு கட்டம் டிக் போட்டே இருக்கும். அது இருக்க மட்டும் 90 நாள் முடிஞ்சதும் ஒன்னக் கேக்காமலே அடுத்த 90 நாள் ஓட ஆரம்பிச்சுரும். சேத்த அன்னைக்கே உள்ள போய் அந்த டிக்க எடுத்து விட்டுரு. வேணும்னா பெறவு நீயே போட்டுக்கிடலாம்.