ரிவர்ட்டுக்கு ஒரு ரிவர்ட்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயின் பிராஞ்ச்சில் மெர்ஜ் பட்டனை அமுக்கிவிட்டு, லேப்டாப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு, ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற கனவான்கள் எல்லா ஆபீஸிலும் உண்டு. எங்கள் ஆபீஸ் கனவான் சென்ற வாரம் செய்த கைங்கரியத்தின் உஷ்ணம் என் தலையை விட்டு இன்னும் இறங்கவில்லையாதலால், இதிலுள்ள ஒரு முக்கியமான நீதியைச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கலந்ததில் பிழை இருந்தது. கலந்தவர் போய்விட்டார், பிரிக்க வேண்டியவன், அந்தப் பஸ்ஸில் ஏறாத பாவத்தினால், நான். “ரீசெட் பண்ணி ஃபோர்ஸ் புஷ் அடிச்சிடலாமே சார்” என்றார் பக்கத்து நாற்காலி இளைஞர். எல்லோரும் ஏற்கெனவே இழுத்து வைத்துக்கொண்ட சரித்திரத்தை நான் ஒருவன் மட்டும் அழித்தால், திங்கட்கிழமை காலையில் எவராவது ஒரு புண்ணியவான் அதையே மறுபடி புஷ் செய்து, தகனம் செய்ததை எழுப்பி உட்கார்த்திவிடுவார். ஆகையால் சாத்விகமான மார்க்கம் ரிவர்ட்தான். அதிலும் கிட் சும்மா விடுவதில்லை: மெர்ஜுக்குப் பெற்றோர் இருவராயிற்றே, எவருடைய வழியை மூலமாகக் கொள்வது என்று தர்மசங்கடமாகக் கேட்கிறது, ‘மைனஸ் எம் 1’ என்று பிரமாணம் செய்து கொடுத்த பிறகே வேலை நடக்கிறது.

ரிவர்ட் கோடை நீக்குமே தவிர, கலந்த சரித்திரத்தை நீக்காது. அந்தக் கனவான் திங்களன்று அதே பிராஞ்ச்சில் பிழையைத் திருத்தி, சந்தோஷமாக மறுபடி மெர்ஜ் செய்தார். பழையதெல்லாம் முன்பே சேர்ந்தாயிற்று என்பது கிட்டின் சித்தாந்தமாதலால், புதிய திருத்தம் மட்டும் வந்து சேர்ந்தது. சட்டையைக் காணோம், ஒட்டுத்துணி மட்டும் வந்திருக்கிறது. 2005-இல் கிட்டைச் சிருஷ்டித்த லினஸ் டோர்வால்ட்ஸே இந்தச் சங்கடத்துக்கு 2008-இல் ஒரு விளக்கம் எழுதியிருக்கிறார். அவர் காட்டும் பிராயச்சித்தம், ரிவர்ட்டையே ரிவர்ட் செய்வது.

செய்தேன். மறுநாள் வேறொரு பிழை முளைத்தது. ரிவர்ட்டின் ரிவர்ட்டை ரிவர்ட் செய்தேன். அவர் திருத்தினார், ரிவர்ட்டின் ரிவர்ட்டின் ரிவர்ட்டை ரிவர்ட் செய்தேன். லாகைத் திறந்தால், ‘ரிவர்ட் “ரிவர்ட் “ரிவர்ட் “ரிவர்ட் “மெர்ஜ் பிராஞ்ச்’ என்று மந்திர ஜபம் போல ஆரம்பித்து, வரியின் கோடியில் மேற்கோள் குறிகள் எறும்புச் சாரியாக ஊர்கின்றன. ஒற்றைப்படையானால் கோடு இல்லை, இரட்டைப்படையானால் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணித்தான் மெயினின் தற்கால ஸ்திதியை அறிய வேண்டியிருக்கிறது. 2023-இல் வந்த கிட் 2.43 முதல், ரிவர்ட்டின் ரிவர்ட்டுக்கு ‘ரீஅப்ளை’ என்று நாமகரணம் செய்துவிட்டார்கள். எங்கள் ஆபீஸில் அந்தப் புதிய கிட்டுக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை, விண்ணப்பம் உரிய இடத்தில் பரிசீலனையில் இருக்கிறது.

நீதிக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு விஷயம்: ரிவர்ட்டை ரிவர்ட் செய்தால், திரும்பி வரும் வரிகள் அத்தனையும் அதைச் செய்தவன் பெயரில்தான் பதிவாகும். அந்தக் கனவான் எழுதிய எண்ணூறு வரிகளுக்கும் இப்போது ஆசிரியன் அடியேன். இன்று காலை பிளேம் போட்டுப் பார்த்த மானேஜர், இவ்வளவு அனுபவமுள்ளவர் இப்படியா எழுதுவது என்று, மிகுந்த மரியாதையோடு, என்னைத்தான் விசாரித்தார்.