கொட்டாங்குச்சிக்கு ஏது கதி?

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஸ்டுட்கார்ட் நகரத்து மேட்டுத் தெரு ஒன்றின் கோடியில், காலிக் கண்ணாடிப் பாட்டில்கள் பதினொன்றைச் சுமந்த துணிப்பையோடு நான் நின்றுகொண்டிருந்தபோது, எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வசிக்கும் அம்மையார், தேவாலயத்திலிருந்து திரும்பி வருகிறவர், என் எதிரில் வந்து நின்று, முதலில் என் பையையும், பிறகு வானத்தையும், கடைசியாக என்னையும் பார்த்து, ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "ஸோன்டாக்" என்பது அந்த வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம். ஏகாதசியன்று அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் அத்தையைப் பார்த்து, வாசற்படியில் நின்றபடி என் பாட்டி "ஏகாதசி" என்று சொன்னாளே, அந்தத் தொனி ஒன்றைத் தவிர வேறெதனோடும் இதை ஒப்பிட எனக்குத் தெரியவில்லை. அம்மையாருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைத் தெரிவிக்கவே இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பதிலின் நியாயம் விளங்க வேண்டுமானால் சில பூர்வாங்க விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இந்த தேசத்தின் அரசியல் சாசனத்திலேயே ஆசனம் போட்டிருக்கிறார்கள். 1919-ல் வைமர் நகரத்தில் இயற்றிய சாசனத்தின் 139-ஆவது ஷரத்து, ஞாயிறு என்பது வேலையிலிருந்து ஓய்வுக்கும் ஆத்மாவின் மேம்பாட்டுக்கும் உரிய நாளாகச் சட்டத்தின் பாதுகாப்பில் இருந்து வரும் என்று விதித்தது. அந்தக் குடியரசு போய், அதற்குப் பின் வந்த கொடுங்கோலும் ஒரு மகாயுத்தமும் போய், 1949-ல் புதிய அடிப்படைச் சட்டத்தை எழுத உட்கார்ந்தவர்கள், இடிந்த வீட்டிலிருந்து நல்ல உத்தரமாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறவர்களைப்போல, பழைய சாசனத்திலிருந்து சிலவற்றைப் பொறுக்கி 140-ஆவது ஷரத்தாகச் சேர்த்துக்கொண்டபோது, இதையும் மறவாமல் எடுத்துக்கொண்டார்கள். ஆகையால் அன்றைக்குக் கடைகள் திறப்பதில்லை. சுவரில் ஆணிக்குத் துளை போடுவதில்லை. புல்வெட்டும் இயந்திரம் கொட்டகையை விட்டு வெளியே வருவதில்லை. கண்ணாடித் தொட்டியில் பாட்டில் விழுந்து உடைகிற சப்தம் தெருவாசிகளின் ஆத்ம மேம்பாட்டை அந்தரத்தில் நிறுத்திவிடும் என்பதனால் அதுவும் கூடாது. இதையெல்லாம் அறியாதவனா நான்? எட்டு மாதம் ஆகிறதே!

பதினோரு பாட்டில்கள் ஒரு வீட்டில் எப்படிச் சேர்ந்தன என்று விளக்கி வாசகர்களின் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. உங்கள் வீட்டுப் பரணிலே ஹார்லிக்ஸ் பாட்டில் எத்தனை என்று நான் கேட்கிறேனா? வெள்ளரிக்காய் ஊறுகாய் வந்த பாட்டிலை முதன்முதலில் கையில் வாங்கியபோது என் மனைவி உள்ளே இருந்த பண்டத்தைப் பார்க்கவேயில்லை. "ஏங்க, வாய் எவ்வளவு அகலம் பாருங்க, கை தாராளமா போகும்" என்றாள். அன்றிலிருந்து அந்த ஊறுகாயை, புளிப்பும் தித்திப்புமாக வாயில் விளங்காத அந்த வஸ்துவை, பாட்டிலுக்காக நான் தின்று தீர்த்து வருகிறேன். அவற்றை வெளியேற்ற எனக்கு வாரத்தில் வாய்க்கிற ஒரே முகூர்த்தம், அவள் தன் தாயாரோடு தொலைபேசியில் சம்பாஷிக்கிற ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றரை மணி நேரம்தான். மாமியார் அங்கே மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்திருக்கும் வேளை அது. சட்டப்படி எறியத்தக்க ஆறு நாளும் பாட்டில்கள் காவலில் இருக்கின்றன. காவல் நீங்குகிற நாளில் சட்டம் காவலுக்கு வருகிறது. என் சங்கடம் இதுதான்.

இனிக் குப்பையைப் பற்றி. சுருக்கமாகவே சொல்கிறேன்.

நாங்கள் குடிவந்த தினத்தன்று வீட்டுச் சொந்தக்காரர் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு துண்டறிக்கையைக் கொடுத்தார். மக்கும் பொருளுக்குப் பழுப்புத் தொட்டி, காகிதத்துக்கு ஒரு தொட்டி, பிளாஸ்டிக்கும் தகரமும் அலுமினியமுமான பொட்டலங்களுக்கு மஞ்சள் பை, இவற்றில் எங்கும் சேராத அனாதைகளுக்கு ஒரு தொட்டி, கண்ணாடிக்குத் தெருக்கோடியில் வெள்ளை, பழுப்பு, பச்சை என்று மூன்று வாய். நீல நிறப் பாட்டில் எங்கே என்றால், பச்சையில் போட வேண்டுமாம். திருமாலை நீலமென்றும் பச்சையென்றும் மாற்றி மாற்றி வர்ணித்துப் பழகிய நமக்கு அதில் ஆட்சேபமில்லை. சரி, இது புரிந்துவிட்டது என்று எண்ணினேன். மறுநாளே கை தவறி ஒரு தண்ணீர் டம்ளர் உடைந்தது. கண்ணாடி டம்ளர், ஆகையால் கண்ணாடித் தொட்டி என்று கிளம்பினேன். இல்லையாம். டம்ளர்க் கண்ணாடி உருகுகிற சூடு வேறு, பாட்டில் கண்ணாடி உருகுகிற சூடு வேறு என்பதனால் டம்ளர் கண்ணாடியாகாது. அது அனாதைத் தொட்டிக்கு. கடையில் தருகிற ரசீது காகிதம் என்று நினைத்தேன். மேலே ரசாயனம் பூசியிருப்பதால் அது காகிதமாகாது. அதுவும் அனாதைத் தொட்டிக்கு. எண்ணெய்க் கறை படிந்த அட்டைப்பெட்டி அட்டையாகாது. இது அன்று, இது அன்று என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போய்ப் பரம்பொருளைக் காட்டுகிற உபநிஷத்துக்காவது கடைசியில் ஒரு பரம்பொருள் மிஞ்சும். எனக்கு மிஞ்சியது கையில் ஒரு ரசீது.

தயிர்க் கிண்ணத்தின் மகாத்மியத்தை யாராவது தனிப் புராணமாகப் பாட வேண்டும். அரைக் கிலோத் தயிர் வருகிற அந்தக் கிண்ணம் பிளாஸ்டிக். மூடி அலுமினியத் தகடு. சில வகைகளில் இடுப்பைச் சுற்றி ஓர் அட்டை உடுப்பு. உடுப்பை உரித்துக் காகிதத் தொட்டியில் போட வேண்டும். மூடியையும் கிண்ணத்தையும் மஞ்சள் பையில் போட வேண்டும். ஆனால் மூடி கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டித் தொங்கிக்கொண்டு போகக்கூடாது. முற்றாகக் கிழித்துப் பிரித்த பிறகே இரண்டும் அதே பைக்குள் போக வேண்டும். கோர்ட்டில் தீர்ப்பு வாங்கிய தம்பதிகள் வெளியே வந்து ஒரே பஸ்ஸில் ஏறுகிற காட்சிதான். பிரிக்கும் நிலையத்து இயந்திரம் இரண்டும் சேர்ந்திருந்தால் எதுவென்று அடையாளம் காணாமல் திகைத்துப்போகும் என்பது காரணம். நல்ல காரணம்தான், நான் மறுக்கவில்லை. கிண்ணத்தைக் கழுவவும் வேண்டாம், "கரண்டியால் வழித்த சுத்தம்" போதும் என்று பொருள்படும்படி அதற்கென்றே ஒரு வார்த்தை செய்து வைத்திருக்கிறார்கள். தயிர்சாதம் தின்று வளர்ந்த ஜாதிக்குக் கிண்ணத்தை வழிக்கச் சொல்லித் தருகிறார்கள் பாருங்கள்! என் வீட்டில் கரண்டி வழித்தது போக விரல் வழித்து, அதன்பின் தண்ணீர் ஊற்றி அலசி அந்தத் தண்ணீரும் மோராகிறது. இத்தனைக்கும் பிறகு அந்தக் கிண்ணம் மஞ்சள் பைக்குப் போவதில்லை என்பது வேறு விஷயம். பால்கனியில் அதில் கருவேப்பிலைக் கன்று இருக்கிறது.

கொட்டாங்குச்சிக்கு வருகிறேன். இந்த ஊரில் தேங்காய் கிடைக்கிறது; எண்பதுகளில் யுத்தத்துக்குத் தப்பி ஈழத்திலிருந்து வந்தவர்கள் ஜெர்மனியில் ஊர்தோறும் கடை வைத்து, பிற்பாடு வசதியாக விமானம் ஏறி வந்த என் போன்றவர்களுக்கு முருங்கைக்காயும் புளியும் கிடைக்க வழி செய்திருக்கிறார்கள். தேங்காயை உடைத்தோம், துருவினோம். கொட்டாங்குச்சி மிஞ்சியது. மரத்தில் காய்த்ததுதானே, பழுப்புத் தொட்டி என்றாள் மனைவி. அது மக்குவதற்குள் நம் விசா முடிந்துவிடுமே, கல்லுக்குச் சமானமான அதை மக்கும் பொருள் என்று எப்படிச் சொல்வது என்றேன் நான். துண்டறிக்கையைப் புரட்டினோம். முட்டை ஓடு உண்டு, காப்பிச் சக்கை உண்டு, கொட்டாங்குச்சி இல்லை. சந்தேக நிவர்த்திக்காக இரண்டாம் மாடி அம்மையாரிடமே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திருப்பிப் பார்த்து, விரலால் தட்டிப் பார்த்து, மோந்தும் பார்த்தார். எட்டு மாதத்தில் அவர் முகத்தில் ஐயம் என்ற ஒன்றை நான் கண்டது அந்த ஒரு தடவைதான். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கடைக்காரப் பெரியவரிடம் கேட்டேன். அவர் கல்லாவை விட்டு எழுந்துவந்து, யாருக்கும் கேட்காதபடி தாழ்ந்த குரலில், "தம்பி, நான் வந்து முப்பத்தைஞ்சு வருசம். சிரட்டையை எதுக்குள்ள போடுறதெண்டு இண்டைவரைக்கும் ஒருத்தரிட்டயும் கேக்கேல்ல. நீங்களும் கேளாதேங்கோ. கேட்டா ஒரு புதுத் தொட்டி கொண்டுவந்து வைப்பாங்கள்" என்றார். பிறகு நீங்கள் என்னதான் செய்கிறீர்கள் என்றதற்கு, அவர் பதில் சொல்லாமல் பின்னறைக் கதவைத் திறந்து காட்டினார். தரையிலிருந்து கூரை மட்டும் அடுக்கியிருந்தது. வடக்கு மாகாணம் முழுவதற்கும் அகப்பை செய்யலாம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு வருகிற எரிச்சலில் பாதி என் மீதே வருவது. நாற்பத்திரண்டு வருஷம் கும்பகோணத்தில் இருந்தேன். தெருவில் விசில் சப்தம் கேட்கும். வாளியைக் கொண்டுபோய் வண்டியில் கவிழ்த்துவிட்டுத் திரும்புவேன். அதற்குள் என்ன இருந்தது, அது எங்கே போயிற்று என்று ஒரு நாளும் யோசித்தவனில்லை. நான் கலந்து கொட்டியதை வண்டியிலேயே நின்று வெறுங்கையால் பிரித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் பேப்பர் படிக்க உள்ளே போயிருக்கிறேன். இங்கே அந்த வேலை என் கைக்கு வந்திருக்கிறது. வந்தவுடன் கட்டுரை எழுதுகிறேன்.

ஆனால் மறு பாதி எரிச்சல் நியாயமானது, அதை விட்டுக்கொடுக்கமாட்டேன். குப்பை போதாதென்று இந்தச் சுவாபிய தேசத்துக்கென்றே இன்னொரு வைபவம் இருக்கிறது. கொலம்பஸ் மேற்கே கப்பல் விட்ட அதே 1492-ல், இந்த ஊரை ஆண்ட தாடிக்கார எபர்ஹார்ட் என்ற பிரபு, அவனவன் வீட்டுச் சாணக் குப்பையை வாரந்தோறும் அவனவனே வெளியேற்ற வேண்டும் என்று ஸ்டுட்கார்ட் வாசிகளுக்கு உத்தரவு போட்டான். அவன் டூபிங்கனில் 1477-ல் ஒரு சர்வகலாசாலையும் ஸ்தாபித்தவன். ஜனங்கள் சர்வகலாசாலையை விட்டுவிட்டு விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து வளர்ந்ததுதான் பெருக்கும் வாரம். "கேர்வோக்கே" என்று எழுதிய பலகை ஒன்று வீடு வீடாகக் கைமாறும். எவன் வாசற்கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் மாடிப்படியைப் பெருக்கித் துடைப்பது அவன் பொறுப்பு. பாலைவன நரி என்று பிரசித்தி பெற்ற தளபதி ரோமெலின் புதல்வர் மான்ஃபிரெட் ரோமெல் மேயராக இருந்த காலத்தில், 1988-ல், நகரசபை இந்தக் கட்டாயத்தை ரத்து செய்துவிட்டது. இந்தச் சரித்திரத்தை வெகு உற்சாகமாகப் படித்துத் தெரிந்துகொண்டு அம்மையாரிடம் எடுத்துரைத்தேன். அவர் என் வாடகை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். நகரசபை கைவிட்டதை வீட்டுச் சொந்தக்காரர்கள் கைவிடவில்லை.

என் முதல் வாரத்தில், படி துடைத்து முடித்த புனிதத்தில் மனைவி எங்கள் கதவுக்கு எதிரே அரிசிமாவால் நாலு புள்ளிக் கோலம் ஒன்று போட்டாள். சாயங்காலம் அம்மையார் ஏறி வந்து அதைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார். பிறகு, துடைத்த படியில் மாவைக் கொட்டியிருப்பதனால் இந்த வாரம் துடைத்ததாகக் கணக்கில் சேராது என்றும் சொன்னார். வாசல் சுத்தமாயிருக்கிறது என்பதற்கு அடையாளமே அதுதான் என்று அவருக்கு விளக்கும் அளவுக்கு என் ஜெர்மன் அப்போது முதிர்ந்திருக்கவில்லை. இப்போதும் முதிரவில்லை. மறுபடியும் துடைத்தேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிலுக்கு வரலாம். பதினோரு பாட்டில்களும் என்னோடு திரும்பி வந்தன என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்கிறேன். நான் படியேறி வருவதற்குள் தொலைபேசி சம்பாஷணை முடிந்திருந்தது. மாமியாருக்கு அன்று தலைவலியாம். கதவைத் திறந்த மனைவி பையை வாங்கி உள்ளே பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. அவற்றில் இப்போது மல்லி, வெந்தயம், கடுகு, இரண்டு வகைப் பருப்பு, மீதியில் பழைய நாணயங்களும் சட்டைப் பொத்தான்களும் இருக்கின்றன.

அம்மையாரிடம் நான் சொன்னது, நாலே வார்த்தை. ஆனால் அதை எழுத இப்போது அவகாசமில்லை. இன்று சனிக்கிழமை, மணி ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. பலகை என் கதவில் தொங்குகிறது. பத்துக்கு மேல் வாளியை நகர்த்தினால் இரவு அமைதிக்குப் பங்கம், நாளைக்கு என்றால் ஞாயிறு.