ஓகேயியல்: தாராபுரம் வட்டார வழக்கை முன்வைத்து ஒரு முன்னாய்வு

தாராபுரத்தைப் பற்றி அறிஞர் பெருமக்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். அமராவதி ஆறு, காடு அனுமந்தராயர் கோயில், ராஜராஜபுரம் என்ற பழம்பெயர் எல்லாவற்றுக்கும் கட்டுரைகள் உண்டு. 2009-இல் திருப்பூர் மாவட்டம் பிறந்தபோது ஈரோட்டிலிருந்து இந்த வட்டத்தைப் பிரித்துக் கொடுத்ததைப் பற்றிக்கூடப் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆனால் அவ்வூரார் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை வாயிலிருந்து இறக்காத ஒரு சொல்லைப் பற்றி யாரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. அச்சொல் 'ஓகே'. இந்தப் பெருங்குறையை நீக்கும் பொருட்டே இம்முன்னாய்வு. (முன்னாய்வு என்பது முழு ஆய்வு செய்ய நேரமில்லாதபோது செய்யப்படுவது. காண்க: யாருடைய ஆய்வேட்டையும், முதல் இயல்.)

முதலில் சொற்பிறப்பு. 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழில் மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம் என்ற வேடிக்கைச் சங்கத்தைப் பற்றி வந்த ஒரு துணுக்கில்தான் இச்சொல் முதன்முதலாக அச்சேறியது. அந்நகரத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு அப்போது ஒரு பித்துப் பிடித்திருந்தது. எதையும் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, அந்தத் தப்புக்கு முதலெழுத்துச் சுருக்கம் போடுவார்கள். 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓல் கொரெக்ட்' என்று எழுதினால் வந்தது ஓ.கே. மறுவருடம் அமெரிக்க அதிபர் தேர்தல். கிண்டர்ஹூக் என்ற ஊரில் பிறந்த மார்ட்டின் வான் பியூரனை 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று செல்லமாக அழைத்து, அவருடைய ஆட்கள் ஓ.கே. மன்றம் நடத்தினார்கள். வேட்பாளர் தோற்றார், சொல் ஜெயித்துவிட்டது.

'சரி' என்று சொல்வதற்கே சரியாக எழுதத் தெரியாத ஒரு சொல் உலகம் முழுதும் பரவியது என்றால் அறிஞர்கள் எப்படிப் பொறுப்பார்கள்? சாக்டா பழங்குடி மொழியிலிருந்து வந்தது என்றார்கள். அதை நம்பி அதிபர் உட்ரோ வில்சன் கோப்புகளில் 'ஓகே' என்று எழுதாமல் சாக்டா முறைப்படி 'ஓகெ' என்று எழுதிவந்தார். கிரேக்கத்தின் 'ஓலா கலா' என்றார்கள். ஸ்காட்லாந்து என்றார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோஃப் என்றார்கள். கடைசியில் ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழியறிஞர் பழைய செய்தித்தாள்களைத் தூசி தட்டி, 1963-64-இல் 'அமெரிக்கன் ஸ்பீச்' இதழில் வரிசையாகக் கட்டுரைகள் எழுதி, இது வெறும் ஜோக் என்று நிறுவினார். ஒரு ஜோக் புரிவதற்குப் புலமையுலகம் எடுத்துக்கொண்ட காலம் ஏறக்குறைய 125 ஆண்டுகள். இது சராசரியைவிட வேகம்.

ரீட் அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதே அவர் ஆய்வின் முதற்பெருங்குறை. தெரிந்திருந்தால் பாஸ்டன் வரை போயிருக்கவே வேண்டாம். 'ஓகை' என்றொரு சொல் தமிழில் இருக்கிறது. உவகை என்பதன் குறுக்கம், மகிழ்ச்சி என்று பொருள். ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் மகிழ்வதுதானே ஒப்புதல்? 'ஐ' தேய்ந்து 'ஏ' ஆவதற்கு விதி வேண்டுமென்றால் செய்துகொள்ளலாம். ஒலி ஒத்துப்போனால் போதும்; காலமும் கடலும் ஒரு தடையா? இந்த முறையில் ஏற்கெனவே பாதி ஐரோப்பா நம்முடையதாகிவிட்டது. மீதிப் பாதிக்கு நிதி கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது.

எனினும் ஓகைக் கொள்கை எளியது. எளியதை ஆய்வுலகம் மதிப்பதில்லை. ஆகவே என் சொந்தக் கொள்கையைப் பணிவுடன் முன்வைக்கிறேன். நன்னூல் ஓரெழுத்து ஒருமொழி 42 என்று கணக்குச் சொல்கிறது. அதில் 'ஓ'வும் ஒன்று. பொருள்: மதகில் நீரைத் தாங்கி நிற்கும் பலகை. ஆகா! தாராபுரமோ அமராவதிப் பாசன ஊர். வாய்க்காலில் மேல்மடைக்காரர் பலகையைத் தூக்கினால்தான் கீழ்மடைக்காரருக்குத் தண்ணீர். கீழ்மடைக்காரர் வரப்பில் நின்று "ஓ!" என்று கூவுகிறார். அதாவது 'பலகை!' மேலே இருப்பவர் காதில் விழாமல் "கே?" என்கிறார். அதாவது 'கேக்கலையே?' பாட்டுக்குப் பாட்டாக 'ஓ', 'கே', 'ஓ', 'கே' என்று வாய்க்கால் நெடுக ஒலித்த இவ்வுரையாடலே பின்னர் ஒரு சொல்லாக இறுகியது. 'கே' என்ற எழுத்து நன்னூலின் 42-இல் இல்லையே, கா, கூ, கை, கோ மட்டும்தானே இருக்கின்றன என்று சிலர் குதர்க்கம் பேசலாம். நூலாசிரியர் பவணந்தியாரும் கொங்குநாட்டுக்காரர்தான், சீனாபுரத்தார் என்பது வழக்கு. பக்கத்து ஊர்க்காரர் என்பதால் தாராபுரத்துச் சொல்லை வேண்டுமென்றே விட்டிருப்பார் என்று கொள்வதே பொருத்தம். (ஆதாரம்: மடைவாய்ப் பிரதி, மேல்கரை, கீழ்கரைப் பிரதி கடைமடை வரை வந்து சேரவில்லை.)

விராடபுரக் கொள்கையையும் குறிப்பிடாமல் விட்டால் ஊரார் கோபிப்பார்கள். மகாபாரதத்து விராடனின் தலைநகர் தாராபுரம்தான் என்பது அவ்வட்டார நம்பிக்கை. அப்படியானால் வேலைக்கு ஆள் எடுக்கும் ஓகேயின் தொல்பிறப்பிடமும் இதுவே. சூதாட ஒருவர், சமையலுக்கு ஒருவர், நாட்டியம் சொல்லிக்கொடுக்க ஒருவர், குதிரைக்கும் மாட்டுக்கும் ஒவ்வொருவர், அரசிக்குக் கூந்தல் முடிக்க ஒரு பெண். ஆறு பேர் தனித்தனியாக வருகிறார்கள்; அவர்களில் பலர் முன்பு தருமரிடம் வேலை பார்த்ததாகச் சொல்கிறார்கள். அதைச் சொன்னவர்களில் தருமரும் ஒருவர். ஆதார் கேட்கவில்லை, பழைய கம்பெனிக்குப் போன் போட்டு விசாரிக்கவில்லை. விராடனும் அரசியுமாக எல்லாரையும் ஓகே பண்ணிவிட்டார்கள். இன்றைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சீசன் நேரத்தில் இதே நடைமுறைதான்.

ஒலியியலுக்கு அதிக இடம் தேவையில்லை. ஓகேங்க: மரியாதை. ஓகேங்ணா: மரியாதையும் அவசரமும். ஓகே ஓகே: நீ சொன்னது பிடிக்கவில்லை, நிறுத்து. ம்ம்: ஓகேவின் ஆதிநிலை. வாட்ஸப்பில் 'கே' என்று ஒற்றை எழுத்து வந்தால் அது சண்டை; விளக்கம் தேவையில்லை, கல்யாணமானவர்களுக்குத் தெரியும். (காண்க: கம்பெனி வேன், மூன்றாம் வரிசை, ஜன்னலோரப் பிரதி, அவினாசிபாளையம் தாண்டியபின். நடுவரிசைப் பிரதியில் 'ஓகேங் சார்' எனப் பாடபேதம். பின்வரிசை உரையாசிரியர் தூங்கிவிட்டபடியால் அவ்வுரை கிடைத்திலது.)

இனி பொருளியல். இங்குதான் இச்சொல்லுக்கு எடை கூடுகிறது; ஏனெனில் தாராபுரத்தார் வேனேறி வேலைக்குப் போகும் திருப்பூரில் ஓகே என்பது பேச்சு அல்ல, சரக்கு. அது அனுப்பப்படுகிறது, காத்திருக்கப்படுகிறது, வராவிட்டால் மெஷின் நிற்கிறது. "பையர்கிட்டருந்து ஓகே வந்துருச்சா?" என்று கேட்கும் மெர்ச்சண்டைசரின் குரலில், பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் மாப்பிள்ளையின் நடுக்கம் இருக்கும்.

ஒரு சாதாரண டி-ஷர்ட்டின் நிறத்தை எடுத்துக்கொள்வோம். பையர் ஒரு நிறம் சொல்கிறார். டையிங் லேபில் அதற்கு 'லேப் டிப்' போடுகிறார்கள்: அட்டையில் உள்ளங்கை அளவுக்கு ஒட்டிய துணித்துண்டுகள், ஏ, பி, சி என்று ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசத்தில். அவற்றை லைட் பாக்ஸுக்குள் வைக்கிறார்கள். 'டி 65' என்ற பட்டனை அழுத்தினால் பகல் வெளிச்சம், 'டி.எல் 84' என்றால் ஐரோப்பியக் கடையின் டியூப்லைட். பகலில் 'பி' கச்சிதமாக இருக்கிறது. டியூப்லைட்டில் அதே 'பி' லேசாகச் சிவக்கிறது. சாயக்காரர்கள் இதை மெட்டாமெரிசம் என்பார்கள். வேறு வேறு சாயக்கலவைகள் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய் இன்னொன்றில் முறுக்கிக்கொள்வது. ஆக, வெயிலில் ஓகே, கடையில் ஓகே இல்லை. ஒப்புதல் என்பது வெளிச்சத்தைப் பொறுத்தது என்ற இந்த உண்மையைத் தத்துவத் துறைகள் இன்னும் தொடவில்லை. அங்கே லைட் பாக்ஸ் கிடையாது.

பிறகு ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பி.பி. (உற்பத்திக்கு முந்தைய) சாம்பிள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓகே வாங்க வேண்டும். வருவது பெரும்பாலும் 'ஓகே வித் கமெண்ட்ஸ்'. அதாவது, எல்லாம் ஓகே, ஆனால் கழுத்து ரிப் கொஞ்சம் லூஸ், கை நீளம் அரை சென்டிமீட்டர் குறைக்கவும், நிறத்தில் மஞ்சள் தெரிகிறது, மற்றபடி தைக்கத் தொடங்கலாம். இந்த வகையைப் பற்றி ஒரு சட்டக் குறிப்பு அவசியமாகிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஏற்பு என்பது முழுமையாகவும் நிபந்தனை அற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அதன்படி பார்த்தால் 'ஓகே, ஆனால்' என்பது ஏற்பே அல்ல, எதிர் முன்மொழிவு. அப்படியானால் திருப்பூரிலிருந்து இத்தனை ஆண்டுகளாகக் கப்பலேறிய பனியன்களில் எத்தனை முறையான ஏற்போடு போயின என்று கேட்டால், வக்கீல்கள் பனியனைப் பிழிவதுபோல் பிழிந்துவிடுவார்கள். கேட்காமல் விடுகிறேன்.

கடைசி ஓகே இன்ஸ்பெக்‌ஷனில். ஏ.க்யூ.எல். அட்டவணை என்று ஒன்று உண்டு. எல்லாப் பீஸையும் பார்க்க முடியாது என்பதால் எத்தனை பீஸ் பார்த்தால் போதும் என்று அது சொல்லும். 1201 முதல் 3200 பீஸ் வரையுள்ள லாட்டுக்குச் சாதாரண நிலையில் 125 பீஸ் எடுக்க வேண்டும். 2.5 அளவில், குறையுள்ளவை 7 வரை இருந்தால் மொத்த லாட்டும் பாஸ். 8 என்றால் மொத்தமும் ஃபெயில். ஏழாவது பீஸின் நூல் பிரிசலுக்கும் எட்டாவது பீஸின் நூல் பிரிசலுக்கும் நடுவில்தான் ஒரு கம்பெனியின் தீபாவளி போனஸ் நிற்கிறது. இந்த 125-க்கு அட்டவணையில் தந்திருக்கும் குறியீட்டெழுத்து எது தெரியுமா? கே. ஓகேயின் பின்பாதி எங்கிருந்து வந்தது என்று இதற்கு மேலும் யாராவது ஐயப்பட்டால் அவர்களுக்கு ஆய்வு மனப்பான்மை இல்லை என்றே பொருள். அட்டவணை வந்தது இருபதாம் நூற்றாண்டில்தானே என்பது ஒரு மறுப்பாகாது; ஓகைக் கொள்கைக்குக் கொடுத்த சலுகையை இதற்கும் கொடுக்கலாம்.

இவ்வளவு ஓகே சொன்ன பிறகு துணி செகண்ட்ஸ் ஆனால் யார் பொறுப்பு? பையர் மெர்ச்சண்டைசரைக் காட்டுவார், மெர்ச்சண்டைசர் புரொடக்‌ஷனைக் காட்டுவார், புரொடக்‌ஷன் ஜாப் வொர்க் யூனிட்டைக் காட்டும், யூனிட்காரர் செக்கிங் அக்காவைக் காட்டுவார். அந்த அக்கா மட்டும்தான் எங்கும் ஓகே சொல்லியிருக்க மாட்டார். ஸ்டிக்கர் ஒட்டினார், அவ்வளவுதான். இச்சொல்லின் உண்மைப் பொருள் இதுவே என்பது என் துணிபு: 'நான் கேட்டுவிட்டேன், இனி பாடு உன்னுடையது.'

வெளிநாட்டில் இப்படித் தப்ப முடியாது. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு தானிய நிறுவனம், 2021 மார்ச்சில், ஆளி விதை கொள்முதல் ஒப்பந்தத்தைப் படம் பிடித்து ஒரு விவசாயிக்கு அனுப்பியது. அவர் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். விலை ஏறியது, விதை வரவில்லை. கட்டைவிரல் என்றால் 'ஒப்பந்தம் கிடைத்தது' என்று மட்டும்தான் பொருள் என்றார் விவசாயி. முந்தைய ஒப்பந்தங்களுக்கெல்லாம் இதே மனிதர் 'ஓகே', 'லுக்ஸ் குட்' என்று பதில் போட்டு, ஒழுங்காகச் சரக்கும் அனுப்பியிருந்தார். 2023-இல் நீதிமன்றம் கட்டைவிரல் கையெழுத்துக்குச் சமம் என்று சொல்லி 82,000 டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. நம் ஊரில் கட்டைவிரல் என்றைக்குமே கையெழுத்துதான். மை மட்டும் மாறியிருக்கிறது. பெரிய தீர்ப்பாக இதைக் கொண்டாடுகிறவர்கள் எந்தப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கும் போனதில்லை போலும்.

எஞ்சியிருப்பது இலக்கணம். விடை எட்டு வகை என்று பவணந்தியார் சொன்னதைப் பத்தாம் வகுப்பில் எல்லாரும் மனப்பாடம் செய்திருப்போம். ஓகேயை அவ்வெட்டில் எதில் சேர்ப்பது என்று எந்த உரையாசிரியரும் சொல்லவில்லை. கள ஆய்வு, பவர் டேபிள் வரிசையின் ஓரத்தில், சனிக்கிழமை மாலை நடந்தது. சூப்பர்வைசர் நோட்டும் பேனாவுமாக வருகிறார். "நாளைக்கு டூட்டி இருக்குது, ஓகேவா?"

கேள்விக்குள்ளேயே விடையைத் தைத்துக் கொண்டுவந்துவிட்டதால் சுட்டு விடைக்கு வேலையில்லை. "வரமாட்டனுங்" என்ற மறையை யாரும் சொல்வதில்லை. "வர்றனுங்" என்ற நேர்விடை புதிதாகச் சேர்ந்த ஹெல்பர் பையனிடமிருந்து மட்டும் வருகிறது. "நீங்களே உக்காந்து தச்சுக்கங்க" என்ற ஏவல் விடையைச் சொல்பவருக்குப் பக்கத்துக் கம்பெனியில் ஏற்கெனவே இடம் தயார் என்று பொருள். ஓவர்லாக் அக்கா தலை நிமிராமலே, "டபுள் சம்பளமுங்ளா?" என்கிறார், வினா எதிர் வினாதல். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948-இலேயே தொழிற்சாலைகள் சட்டம் எழுதிவைத்தது அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது சூப்பர்வைசருக்கும் தெரியும். தாராபுரம் வேனில் வருகிற அம்மிணி, "போன ஞாயித்துக்கெழமையும் வந்தனுங், ஊட்ல மாமியா பேசறதில்லீங்" என்கிறார், உற்றது உரைத்தல். "கொழந்தைக்குக் காச்சலு வந்துரும் போல இருக்குதுங்" என்பது உறுவது கூறல், அதில் நோய்க் கணிப்பு கொஞ்சம் கூடுதல். "இன்னிக்கு ராத்திரி வேணா அரை ஷிப்ட் நிக்கறனுங்" என்பது இனமொழி.

முதல் மூன்று நேரடி விடைகள், பின்னைய ஐந்தும் விடைக்கு ஒப்பாகக் கொள்ளப்படும் என்பது நன்னூல் மரபு. ஐந்தும் இங்கே 'மாட்டேன்' என்பதற்கே ஒப்பாகின்றன என்று கொள்வதா, 'வருகிறேன், வேறு வழி' என்பதற்கு ஒப்பாகின்றன என்று கொள்வதா என்பதைச் சூத்திரம் சொல்லவில்லை. சூப்பர்வைசரின் நோட்டு சொல்கிறது: எல்லாப் பெயருக்கும் எதிரே டிக். ஒரே ஒரு பெயருக்கு எதிரில் மட்டும் டிக்கின் வால் பாதியில் நின்றிருக்கிறது. அது தயக்கமா, பேனாவில் மை தீர்ந்ததா என்பதில் உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. (ஒப்பிடுக: மேற்படி நோட்டு, டீக்கறை படிந்த பக்கம், மறுபுறம்.)