புது ஒயரிங், பழைய பேய்

பேய்ப் படத்துக்குத் தனியாகப் போக எனக்குத் தைரியம் கிடையாது. அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இரவுக் காட்சிக்குப் போனேன். தியேட்டரில் எங்களைச் சேர்த்து ஒன்பது பேர்.

படத்தில் ஈசிஆர் பக்கம் ஒரு பங்களா. முப்பது வருஷமாகப் பூட்டியே கிடக்கிறதாம். ஹீரோ குடும்பம் குடிவந்து கதவைத் திறந்தால் பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி ஒட்டடை. அதற்குப் பின்னால் பளபளவென்று மாடுலர் சுவிட்ச் போர்டு.

"ஒயரிங் புதுசா பண்ணியிருக்காங்கடா" என்றாள் அம்மா. என் பயம் அதோடு போயிற்று.

பேய் வந்தது. வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், முகத்தில் ஒரு டப்பா பவுடர். வராந்தாவில் மிதந்து வரவேண்டும். டிராலியில் நிற்கவைத்து இழுத்திருப்பார்கள் போல. பாதி வழியில் ஒரு குலுங்கு குலுங்கியதும் பேய் சட்டென்று தூணைப் பிடித்துக்கொண்டது. "பாவம், விழுந்திருக்கும்!" என்றாள் அம்மா.

காசில்லை என்பதையெல்லாம் நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யை ஓரன் பெலி சான் டியேகோவில் தன் சொந்த வீட்டில், சுமார் 15,000 டாலரில் எடுத்து முடித்தார். பேய்க்கென்று உருவமே இல்லை. ராத்திரி படுக்கையறைக் கதவு தானாகக் கொஞ்சம் அசையும், நமக்கு அடிவயிறு கலங்கும். 2009-இல் வந்த 'யாவரும் நல'த்தில் விக்ரம் கே. குமார் ஒரு டிவி சீரியலை வைத்தே மிரட்டினார். சீரியலைப் பார்த்து அம்மா பயந்தது அந்த ஒரு தடவைதான்.

இங்கே பயமுறுத்தும் பொறுப்பு மொத்தமும் பின்னணி இசைக்காரர் தலையில். பூனை வந்தால் டமார். பால்காரர் வந்தால் டமார். ஹீரோ ஃப்ரிட்ஜைத் திறந்ததற்கும் டமார். முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் ஒவ்வொரு டமாருக்கும் எழுந்து, "இன்டர்வெல்லா?" என்று கேட்டார்.

இவ்வளவு நடந்தும் ஏன் வீட்டைக் காலி பண்ணவில்லை என்று இயக்குநர் கடைசிவரை சொல்லவில்லை. அம்மா சொன்னாள்: "பத்து மாச அட்வான்ஸ் குடுத்திருப்பான்டா. ஓனர் திருப்பித் தரமாட்டேன்னிருப்பான்." முன்சீட்டுக்காரர் முழுசாக விழித்து, திரும்பி, அனுபவப்பட்டவர்போலத் தலையாட்டினார்.

கடைசியில் ஒரு மந்திரவாதி வந்தார். எலுமிச்சம்பழம், குங்குமம், பெரிய டமார். பேய் வீட்டைவிட்டு ஒழிந்தது, குடும்பம் கட்டிப்பிடித்து அழுதது.

பைக்கை எடுக்கும்போது அம்மா முகம் வாடியிருந்தது.

"என்னம்மா, பயந்துட்டியா?"

"பேய் போயிடுச்சில்ல, அந்த ஓனர் இனி வாடகையை ஏத்திடுவான்டா."