கச்சிதமாக இருக்கும்

தாம் உடுத்துக் களித்த சட்டைகளைக் கைப்பேசி வழியே அந்நியருக்கு விற்கும் அன்பரைப் போல, அளவு சொல்வதில் இவ்வளவு தாராளமும் அளவு எடுப்பதில் இவ்வளவு வைராக்கியமும் ஒருங்கே அமைந்த பிரகிருதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. சட்டையைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, ஜன்னலோரக் கட்டிலில் விரித்து, காலரையும் பொத்தானையும் தனித்தனியே படம் பிடிப்பதில் அவர் காட்டும் சிரத்தை கலியாண வீட்டுப் போட்டோக்காரரையும் நாணச் செய்யும். ஆனால் தையல் மிஷின் இழுப்பறையில் சுருண்டு கிடக்கும் இஞ்சு டேப்பை எடுத்து, இந்த அக்குளிலிருந்து அந்த அக்குள் வரை வைத்து, வந்ததை இரட்டித்துச் சொல்வதற்கு மாத்திரம் அவருக்கு அவகாசம் வாய்ப்பதில்லை.

"அளவு என்ன சார்?" என்று கேட்டால், "40" என்பார். எதில் 40 என்பது வேதாந்த விசாரம். முழுக்கைச் சட்டையின் காலரில் தைத்திருக்கும் 40, பெரும்பாலும் கழுத்துச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் குறிப்பது. அதே மனிதரின் பனியனில் உள்ள 90, மார்பைச் சென்டிமீட்டரில் சொல்வது. கால்சட்டையின் 34, இடுப்பை அங்குலத்தில் சொல்வது. போதாக்குறைக்கு, பருத்திச் சட்டை முதற் சலவையிலேயே கொஞ்சம் குறுகிவிடும். லேபிளிலுள்ள எண்ணோ குறுகுவதேயில்லை. ஆயினும் அன்பர் சொல்லும் 40 இவற்றுள் எதுவுமன்று. தலைதீபாவளியன்று தமக்கு இருந்த தேகத்தின் ஞாபகார்த்தமாக அவர் போற்றி வரும் எண் அது. அவரைப் பொய்யர் என்பது பாபம்.

இவருடைய சகதர்மிணி பழைய புடவை விற்கிறார். பாக்கியசாலி, ஐந்தரை மீட்டர் யாரையும் கைவிடுவதில்லை. ரவிக்கையும் சேர்ந்து வரும்போதுதான், "உள்ளே துணி விட்டிருக்கு, பிரிச்சுத் தைச்சுக்கோங்க" என்ற அபயவாக்குத் தேவைப்படுகிறது. தையற்காரரிடம் அளவு ரவிக்கையைக் கொடுத்தே தலைமுறைகளை ஓட்டிவிட்ட நமக்கு, நம் அளவு துணியாகத்தான் தெரியுமே தவிர எண்ணாகத் தெரியாது. இந்தியருக்கென்று ஓர் அளவுமுறை காண்பதற்காக ஆறு நகரங்களில் 25,000 பேரை அளக்கப் போவதாக 2018-இல் அறிவிப்பு வந்தது. அந்தக் கூட்டத்தில் நம் அன்பர் அகப்பட்டிருந்தால், வயிற்றை எக்கி நின்று தேசிய சராசரியையே குறைத்திருப்பார் என்பது என் துணிபு.

வாங்க வருபவர், "நான் கொஞ்சம் பூசினாப்போல இருப்பேன், சரியா வருமா?" என்று சந்தேகிப்பார். "துணி இழுத்துக் கொடுக்கும் சார், கச்சிதமா இருக்கும்." இன்னொருவர், "நான் ஒல்லி" என்பார். "தொளதொளன்னு போடறதுதானே சார் இப்ப நாகரிகம், கச்சிதமா இருக்கும்." கண்ணால் காணாத இரு தேகங்களுக்கு ஒரே சட்டையை அணிவித்து அழகு பார்க்கும் அந்தக் கருணையின் முன், எந்த டேப்பும் வாயடைத்துப் போகும்.

பார்சல் பூசினாப்போல இருப்பவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. ஒரு கை முழங்கையோடு நின்றது. மறு கைக்கு முயன்றபோது முதுகுத் தையல் முனகியது. திருப்பி அனுப்புவார் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். அவரும் அந்த இனமே என்பது மறுநாள்தான் விளங்கிற்று. வேறொரு கட்டிலில், வேறொரு ஜன்னல் வெளிச்சத்தில் அதே சட்டை மல்லாந்து கிடக்க, கீழே அவர் எழுதியிருந்தார்: "அளவு 42. ஒரு முறைகூட அணியாதது." பின்பாதி அட்சர சத்தியம்.