கிரைண்டர் வாங்கும் நெறியும் பீட் சாஃப்ட்வேர் தேரும் நெறியும்

ஹிப்ஹாப் பீட் போட எந்தச் சாஃப்ட்வேர் நல்லது என்ற வினாவுக்கு இதுகாறும் சொல்லப்பட்ட விடைகள் எல்லாம் சாஃப்ட்வேரைப் பற்றியே பேசுகின்றன. கேட்கிறவன் எந்த ஊர்க்காரன் என்பதை எவரும் கருத்தில் கொள்ளவில்லை. அவன் கோயம்புத்தூர்க்காரன் என்றால் விடை தேடி அலைய வேண்டியதே இல்லை. சுழலுகிற பொருள் எதை வாங்கவும் இவ்வூருக்கு ஒரு நெறி உண்டு. கிணற்று மோட்டாரும் கிரைண்டரும் அந்நெறிப்படியே வீடு வந்து சேர்ந்தன. லூப் என்பதும் சுற்றிச் சுற்றி வருவதே ஆதலால், பீட் சாஃப்ட்வேரும் அந்நெறிக்கு உட்பட்டதே என்பது இக்கட்டுரையின் துணிபு. இது வேலையற்றவர் வேலை என்பாரும் உளர். இசைத் தொழில்முனைவை ஆராய்ந்ததற்காக ஹிப்ஹாப் தமிழா ஆதிக்கு 2023-இல் பாரதியார் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் வழங்கிய ஊர் இது; ஆகவே அம்மறுப்பு இங்கே செல்லாது.

முதலில் கிரைண்டர். கோவையில் 1955-இல் பி. சபாபதி என்பவர் உருவாக்கிய வெட் கிரைண்டர், அரை நூற்றாண்டு கழித்துப் புவிசார் குறியீடும் பெற்றது. அதன் கல்லுக்கு ஊத்துக்குளிப் பக்கத்துப் பாறை (வெண்ணெயும் அதே ஊர்தான், கடினத்துக்கும் மென்மைக்கும் ஒரே ஊர் பெயர் வாங்கியிருப்பது தனி ஆய்வுக்கு உரியது). இதை வாங்க வருகிற அம்மா என்ன செய்கிறார் என்று நோக்குக. டிரம்மைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். குழவியைத் தூக்கி எடை பார்க்கிறார். கடைக்காரர் மோட்டாரின் பெருமையை விரித்துக்கொண்டிருக்கையில், "ஏனுங்க, பெல்ட்டு போச்சுன்னா எங்கூருக்கு யாருங்க வந்து மாத்துவாங்க?" என்று கேட்கிறார். விடை திருப்தி என்றால்தான் பர்ஸ் திறக்கிறது. எது சிறந்தது என்று அவர் ஒருபோதும் கேட்பதில்லை. கெட்டால் யார் என்றே கேட்கிறார். இதைப் பெல்ட் வினா என்று குறிப்போம்.

இனி பீட் போடும் கருவிகளுக்கு வருவோம். எஃப்எல் ஸ்டூடியோ 1997-இல் பெல்ஜியத்தில் ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற பெயரில் வெறும் டிரம் பெட்டியாகப் பிறந்தது. 2003-இல் பெயர் மாற்றிக்கொண்டது. திறந்ததும் கிக், கிளாப், ஹேட், ஸ்னேர் என்று நான்கு வரிசை, வரிசைக்குப் பதினாறு பொத்தான். ஒருமுறை காசு கொடுத்தால் பிறகு வரும் பதிப்பெல்லாம் இலவசம். ஏபிள்டன் லைவ் 2001-இல் பெர்லினிலிருந்து வந்தது. லாஜிக் பிறப்பால் ஜெர்மனி. 2002-இல் ஆப்பிள் அதை வாங்கிய பின் ஆப்பிள் கருவி உள்ள வீட்டுக்கு மட்டுமே வாழ்க்கைப்படும். ரீப்பருக்கு 60 நாள் இலவசத் தவணை, தனிநபர் உரிமம் 60 டாலர். தவணை முடிந்தும் அது கதவைச் சாத்துவதில்லை. கடன் நோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பருப்பை நிறுத்துப் போடும் மளிகைக்கடைக்காரர் போலத் திறக்கும்போதெல்லாம் ஞாபகப்படுத்தும், பிறகு வேலையும் செய்யும். இவற்றுள் சிறந்தது எது என்று சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் டீ ஆறுகிற வரை வாதம் நடக்கலாம். பெல்ட் வினாவைப் போட்டால் வாதம் ஒரு நொடியில் முடியும்: உங்கள் தெருவில் இதைத் தெரிந்தவன் எவன்?

லாஜிக்கில் சத்தம் கொழுமையாக இருக்கும், எஃப்எல்லில் மெலிந்து போகும் என்பது முதல் மறுப்பு. இவ்வகைக் கருவிகள் ஒலிகளைச் சேர்ப்பது கூட்டல் கணக்கால். நாலும் நாலும் பெர்லினிலும் எட்டு, பெல்ஜியத்திலும் எட்டு. ஒரே சாம்பிளை ஒரே அளவில், எந்தப் பிளகினும் போடாமல் இரண்டிலும் ஏற்றி எடுத்து, ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்தால் மிஞ்சுவது மௌனம்தான். கொழுமை என்று காதில் விழுவது உளுந்தின் தரம், அதாவது சாம்பிளின் தரம். ஆட்டிய பெட்டியின் தரமன்று.

இரண்டாம் மறுப்பு கனமானது. பதினாறு பொத்தான் என்பது சதுஸ்ரக் கட்டம், அதாவது நான்கு நான்காகப் பிரிவது. துடும்பும் பறையும் முழங்கும் மண்ணின் தாளத்தை அந்தக் கட்டத்தில் அடைக்கலாமா என்பது. பறையில் ஒரு கையில் அடிக்குச்சி, மறு கையில் சிண்டுக்குச்சி. இரண்டும் தோலில் விழும் இடைவெளி அளந்து வைத்தது போல் ஒருபோதும் இராது. அந்தக் கோணல்தான் கூட்டத்தின் காலை எழுப்புகிறது. கட்டத்துக்குள் அடுக்கினால் இந்த உயிர் போய்விடும் என்பது உண்மையே. ஆனால் இந்தக் குற்றம் எல்லாச் சாஃப்ட்வேருக்கும் பொது. ஒன்றை விலக்கி மற்றதை எடுக்க இது காரணம் ஆகாது. மருந்தும் எல்லாவற்றிலும் பொது. ரோஜர் லின் வடிவமைத்து 1988-இல் அகாய் வெளியிட்ட எம்பிசி 60 என்ற பீட் பெட்டியிலேயே, இரட்டைப்படை அடிகளைச் சற்றுப் பிந்தவிடும் ஸ்விங் இருந்தது. டெட்ராய்டின் பீட் கலைஞர் ஜே டில்லா அதன் அடுத்த தலைமுறைக் கருவியில் அடிகளைக் கட்டத்திலிருந்து வேண்டுமென்றே விலக்கி வைத்தார். அந்தத் தள்ளாட்டத்துக்கு உலகமே தலையாட்டியது. திஸ்ர நடை வேண்டுமா, கட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் வசதி எதிலும் உண்டு. ஒரு வேற்றுமையை மட்டும் நேர்மையாகப் பதிவு செய்கிறோம்: பறையைத் தீயில் காய்ச்சினால் சுருதி ஏறும், லேப்டாப் காய்ந்தால் ஹேங் ஆகும்.

மூன்றாமவர் கேட்பார்: மெக்கானிக் எதற்கு, யூடியூப் இருக்கிறதே? யூடியூபில் ஓடுவதெல்லாம் நன்றாக ஓடுகிற கிரைண்டர். உங்கள் வீட்டுக் கோளாறு அதில் வராது. பையன் மைக்கில் ராப் வரியைச் சொல்கிறான். ஹெட்போனில் அது கிணற்றுக்குள் இருந்து வருவது போலப் பிந்தி வருகிறது. மைக் மட்டம் என்று முடிவு கட்டுகிறான், கூடுதல் விலையில் வேறு மைக் பார்க்கிறான். காரணமோ ஒலியைத் தேக்கி அனுப்பும் பஃபர். நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் 1024 சாம்பிள் பஃபர் ஒரு வழிக்கே 23 மில்லிநொடி பிடிக்கும்; போக வர இரட்டிப்பு. 256-க்கு இறக்கினால் ஒரு வழிக்கு ஆறுக்கும் குறைவு. இதை அடுத்த தெரு அண்ணன் ஓட்டிவந்த டூவீலரை ஸ்டாண்டு போடுமுன் சொல்லிவிடுவார். ஆனால் அவர் எஃப்எல்காரராக இருந்து, தம்பி வைத்திருப்பது லாஜிக் என்றால், "நமக்கு அது பழக்கமில்லைங் தம்பி" என்று டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புவார்.

க்ராக் செய்த காப்பி போதுமே என்பாருக்கு விடை சுருக்கம்: பில் இல்லாத கிரைண்டருக்குச் சர்வீஸ் இல்லை, கூடவே வைரஸ் உண்டு. எஃப்எல்லின் இலவசச் சோதனைப் பதிப்போ கோவை அம்மாக்களையே திகைக்க வைக்கும் ஏற்பாடு. வேலையைச் சேமிக்கலாம், பாட்டாக வெளியே எடுக்கலாம். சேமித்ததைக் காசு கட்டும்வரை மீண்டும் திறக்க முடியாது. சுட்ட தோசையைத் தின்னலாம், மிச்ச மாவுப் பாத்திரத்துக்குப் பூட்டு.

சென்னை ஸ்டூடியோவில் புரோ டூல்ஸ்தான் கேட்பார்கள், இதைக் கொண்டுபோனால் சிரிப்பார்கள் என்ற அச்சமும் ஆதாரமற்றது. ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்துக் கொடுத்தால் போதும். தூக்குப்போசியில் மாவு வந்தால் தோசை வார்ப்பவர் எந்தக் கம்பெனிக் கிரைண்டர் என்று கேட்பதில்லை. புளித்ததா என்றுதான் பார்ப்பார். கருவியைவிடக் கூட்டாளியே முக்கியம் என்பதற்குச் சான்றும் உண்டு: கோவை ஆதியும் ஈரோடு ஜீவாவும் சேர்ந்த ஹிப்ஹாப் தமிழாவின் கணக்கு 2005-இல் தொடங்குகிறது. 'கிளப்புல மப்புல' பாட்டு பரவியது 2011-இல், ஆல்பம் 2012, 'ஆம்பள' படத்துக்கு இசை 2015. இந்தப் பத்தாண்டில் உலகத்துச் சாஃப்ட்வேர் எல்லாம் பல பதிப்பு மாறிவிட்டன. மாறாமல் இருந்தது கூட்டாளி. ஈரோடு நூறு கிலோமீட்டர் ஆயிற்றே என்றால், கொங்கு நாட்டுக் கணக்கில் அது அடுத்த தெருதான்.

ஆகவே, உங்கள் தெருவில் பீட் போடுகிறவர் எதில் போடுகிறாரோ அதிலேயே போடுங்க. அவர் வீட்டுக்குப் போகும்போது பேக்கரியில் நாலு தேங்காய் பன் வாங்கிக்கொண்டு போங்க. சர்வீஸ் சார்ஜ் அவ்வளவுதானுங்க.