நாலாவது குணம்

அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு. மார்ச் 8-ஆம் தேதி எந்தக் கல்லூரியின் மகளிர் தின விழாவுக்குப் போனாலும் இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொல்லும் சிறப்பு விருந்தினர் ஒருவர் கிடைப்பார். தோளில் பொன்னாடை இருக்கும், கோலப்போட்டி முடிந்திருக்கும், பெண் பிள்ளைகள் பந்தலுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். "தமிழ்ப் பெண்ணின் நாற்குணம்" என்று அவர் தொடங்கும்போது எந்த மாணவியும் எழுந்து, "ஐயா, பயிர்ப்புன்னா என்ன?" என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் ஐயா தண்ணீர் பாட்டிலைத் தேடுவார். குடித்துவிட்டு, "அது வந்து, கூச்சம் மாதிரி" என்பார். கூச்சம்தான் நாணம் என்ற பெயரில் மூன்றாவது நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறதே என்று அவள் மறுபடி இழுத்தால், "இதுக்குத்தாம்மா ரெண்டாவதா மடம்னு ஒண்ணு வெச்சாங்க" என்று முடித்துவிடுவார். கைதட்டல் விழும்.

அகராதியில் பயிர்ப்புக்கு அருவருப்பு என்று பொருள். அசுத்தம், பிசின் என்றும் கொடுத்திருக்கிறார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே "பொண்ணுக்கு நாலு குணமும் உண்டுல்ல?" என்று விசாரிக்கும் பெரியப்பாக்கள், நாலாவதாகத் தாங்கள் கேட்பது அருவருப்பா பிசினா என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லது. பெண் வீட்டாரும் அதற்கேற்ப ஏற்பாடு செய்துவைப்பார்கள்.

பழைய கணக்கில் குணம் மூன்றுதான். தொல்காப்பியர் களவியலில் பெண்ணுக்குச் சொன்னவை அச்சம், நாண், மடன். காதல் வந்த தலைவி வாய்விட்டுச் சொல்லாமல் தவிக்க வேண்டும், அதைத் தோழி மோப்பம் பிடிக்க வேண்டும், பாட்டு நகர வேண்டும். அந்த நாடகத்துக்கு வகுத்த விதி அது. கதாபாத்திரத்துக்குச் சொன்னதை ரேஷன் கார்டில் பெயருள்ள அத்தனை பெண்களுக்கும் சட்டமாக்கியது பின்னால் வந்தவர்களின் கைங்கரியம். நான்காவதும் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான். (பிசின் என்ற பொருள் இங்கே நன்றாகவே பொருந்துகிறது.) இறையனார் களவியலுக்கு நக்கீரர் பெயரால் வழங்கும் உரையில் பயிர்ப்பும் சேர்ந்து எண்ணிக்கை நான்காகிறது. உரைகாரர்கள் தரும் விளக்கத்தில் குழப்பமே இல்லை. பயிர்ப்பு என்றால் பழகாத பொருளைக் கண்டால் அருவருத்து ஒதுங்குவது. மடம் என்றால் பிறர் சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: புதிதாக எதையும் தொடாதே, சொல்லிக்கொடுத்த எதையும் விடாதே. ஒரு பெண்ணை நாலு சுவருக்குள் வைத்துப் பூட்ட இதைவிடச் சிக்கனமான பூட்டு எவனுக்கும் அமையாது.

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டிக்கு, பையன்கள் படித்த மகாராஜா கல்லூரி பழகாத பொருள். சென்னை மருத்துவக் கல்லூரியின் பிணம் அறுக்கும் மேசை அதைவிடப் பழகாதது. நாற்குணத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் உள்ளே போயிருக்க வேண்டும். 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். பிறகு சென்னை மாகாணச் சட்டசபையில் உட்கார்ந்து, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் கேட்டார். பண்பாடு போச்சே என்று அதைக் காப்பாற்ற எழுந்தவர்களுக்கு அந்த வழக்கம் அருவருக்கவில்லை. அவர்களுக்கு அது பழகிய பொருள்.

ஆணுக்கும் இலக்கணம் நான்கு குணம் சொல்கிறது. இதை எந்த மேடையிலும் கேட்டிருக்க மாட்டீர்கள். அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி. நிறை என்றால் காக்க வேண்டியதைக் காத்து விலக்க வேண்டியதை விலக்கும் அடக்கம். ஓர்ப்பு, ஆராய்ந்து தெளிவது. கடைப்பிடி, கொண்டதை மறவாமை. மகளுக்கு அவளுடைய நான்கையும் காலையும் மாலையும் ஓதுகிற அப்பா, மகனைக் கூப்பிட்டு "தம்பி, உன் ஓர்ப்பு எங்கடா?" என்று கேட்டதாக வரலாறு இல்லை. சம்பள நாளில் டாஸ்மாக் வாசலில் போய் நின்று பாருங்கள், நிறை எப்படித் தள்ளாடுகிறது என்று. ஆண்கள் நாற்குணம் இழந்ததால்தான் பண்பாடு சீரழிந்தது என்று எந்த டிவியாவது பொங்கலுக்குப் பட்டிமன்றம் போடுமா? நடுவரே கிடைக்க மாட்டார்.

நாம் பெருமைப்பட்டுக்கொள்ளும் பெண்களை வரிசையில் நிறுத்தினாலே நாற்குணம் சந்தி சிரிக்கிறது. ஔவை தொண்டைமானிடம் தூது போய், அவன் ஆயுதச் சாலையைப் பார்த்தே நையாண்டி செய்தார். காரைக்கால் அம்மையார் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டு ஆலங்காட்டுச் சுடுகாட்டில் போய்ப் பாடினார். பயிர்ப்பு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. கண்ணகி பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்தார், ஊரைக் கொளுத்தினார். அவருக்கு 1968-ல் மெரினாவில் சிலை வைத்தோம், 2001-ல் அகற்றினோம், 2006-ல் திரும்பவும் வைத்தோம். அரசனையே கை நீட்டிக் கேள்வி கேட்கிற அந்தச் சிலையின் கீழே மகளோடு செல்ஃபி எடுத்துக்கொள்ளும் அப்பா, திரும்பி நடக்கும்போது, "பீச்சுல இவ்வளவு சத்தமாச் சிரிக்காத, ஆளுங்க பாக்குறாங்க" என்கிறார்.

பயிர்ப்புக்கு இப்போது மேடைகளில் புது விளக்கம் ஓடுகிறது. கணவன் அல்லாத ஆண் தொட்டால் பெண்ணுக்கு வரும் அருவருப்பாம் அது. சரி, அதையே ஒப்புக்கொள்வோம். காலை எட்டரை மணி டவுன் பஸ். கல்லூரிப் பெண் ஒருத்தி கம்பியைப் பிடித்து நிற்கிறாள். பின்னால் ஒருவர், சட்டைப் பையில் இரண்டு பேனா, நெற்றியில் விபூதிப் பட்டை, இடமிருந்தும் தள்ளி நிற்க மாட்டேன் என்கிறார். அவள் முன்னால் நகர்கிறாள், அவரும் நகர்கிறார். துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றுகிறாள். அடுத்த வளைவில் அவர் "ஆ!" என்கிறார். உரைகாரர்கள் இருந்திருந்தால், பயிர்ப்புக்கு எடுத்துக்காட்டு என்று அந்த ஊக்கையே ஓலையில் செருகியிருப்பார்கள். பஸ் என்ன சொல்கிறது? "ஏம்மா, பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ ஆகாது." "கூட்டம்னா அப்படி இப்படித்தான் இருக்கும், ஆட்டோல போறது." "அவரு வயசென்ன, உன் வயசென்ன." கண்டக்டர் விசில் ஊதுகிறார். நாலாவது குணத்தை அவள் காட்டிய குற்றத்துக்கு, முதலாவது குணம் எங்கே என்று ஐம்பது பேர் விசாரணை நடத்துகிறார்கள். "உங்க நிறை எங்கங்க?" என்று அந்த விபூதிப் பட்டையை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அருவருப்பு வர வேண்டும், ஆனால் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் நாணம் போய்விடும். கத்தினால் அச்சம் போய்விடும். போலீசுக்குப் போனால் மடம் போய்விடும். ஆக, இந்த நான்கும் ஒரு பெண்ணிடம் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் அவள் கல்லாக நிற்க வேண்டும். அதுதானே கேட்கிறார்கள்!

சட்டமும் இந்த பஸ்ஸில் ஏறிய பயணிதான். 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 354-ஆவது பிரிவு, பெண்ணின் உடம்புக்கு என்ன ஆனது என்று கேட்கவில்லை. அவளுடைய நாணத்துக்குப் பங்கம் வந்ததா என்று கேட்டது. பஞ்சாபில் ஒருவன் ஏழரை மாதக் குழந்தையைச் சிதைத்தான். அந்த வயதில் நாண உணர்வு வளர்ந்திருக்காது, ஆகவே இந்தப் பிரிவு பொருந்தாது என்றது உயர் நீதிமன்றம். 1966-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. அப்போதும் மூன்று நீதிபதிகளில் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு நாணம் உண்டா இல்லையா என்று இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் உட்கார்ந்து எடை போட்டிருக்கிறது! 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் பிரிவின் எண் 74 ஆனது. நாணம் அங்கேயே இருக்கிறது.

2005-ல் நடிகை குஷ்பு பத்திரிகையில் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிக் கருத்துச் சொன்னார். துடைப்பமும் செருப்பும் தெருவுக்கு வந்தன, ஊர் ஊராக வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2010-ல் அவற்றையெல்லாம் தள்ளுபடி செய்தது. ஒருத்தி வாயைத் திறந்ததற்கு வந்த அந்த அருவருப்பில் கால்வாசி, வரதட்சணைக்காக மருமகளைக் கொளுத்தியவன் வீட்டு வாசலில் வந்திருந்தால் நாலாவது குணத்தைத் தமிழ்நாடு ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து காப்பாற்றியது என்று நானே பொன்னாடை போர்த்தியிருப்பேன்.

ஆகவே, பேச்சாளப் பெருமக்களே, அச்சத்தையும் மடத்தையும் நாணத்தையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். தொகுதிப் பங்கீட்டுக்கு உதவும். பயிர்ப்பை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள், அருவருக்க எங்களுக்கு நிறைய இருக்கிறது. பஸ்ஸில் போகிற மற்ற அண்ணன்மாரே, அடுத்த முறை ஒரு பெண் ஊக்கைக் கழற்றினால் அவளை விடுங்கள். அவள் பின்னால் நிற்பவனின் காலரைப் பிடித்து ஆணின் நாற்குணத்தைச் சொல்லச் சொல்லுங்கள். தெரியாது என்றால் இறக்கி விடுங்கள்.